அப்பா என்ன பண்றார்? – நேர்முக அறையில் சாதி

(குன்னூரில், தோட்டப் பகுதி மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை ஆங்காங்கே அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



‘சாஃப்ட்வேர் கம்பெனி நேர்முகத் தேர்வுக்குத் தயாராவது எப்படி’ என்று தலைப்புக் கொடுத்தார்கள். இந்தத் தலைப்பில் பேசுவதற்கென்றே கோட்டு போட்ட ஆட்கள் இருக்கிறார்கள். கை குலுக்கும்போது எவ்வளவு அழுத்தணும், நாற்காலியில் எவ்வளவு சாயணும், எப்போது சிரிக்கணும், சிரிப்பில் எத்தனை பல் தெரியணும் என்று கல்லூரி கல்லூரியாகப் போய்ச் சொல்லிக்கொடுத்துக் காசு வாங்குகிறார்கள். அதெல்லாம் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போவதில் தப்பில்லை. ஆனால் இவர்கள் அத்தனை பேரும் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவனைத்தான் திருத்தப் பார்க்கிறார்கள். அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவன் யார், என்ன கேட்கிறான், எதற்குக் கேட்கிறான் என்று ஒருத்தரும் வாய் திறப்பதில்லை. நான் அந்தப் பக்கத்தைப் பேசலாமென்று வந்திருக்கிறேன்.

எனக்கு இதில் என்ன தகுதி என்றால், நான் சாஃப்ட்வேர் ஆளாக ஆகப் பார்த்தவன். 2012ல் பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்தேன். அதற்கு முன்னும் பின்னுமாகக் கோவை, சென்னை, பெங்களூர் என்று பதினோரு நேர்முகம் போயிருக்கிறேன். இன்றைக்கு அரசு வங்கி ஒன்றில் கிளார்க். நடுவில் என்ன நடந்தது என்பதுதான் பேச்சு.

நீலகிரியில் நின்றுகொண்டு இதைப் பேச நமக்கொரு பாத்தியதை உண்டு. அயோத்திதாசப் பண்டிதர் வளர்ந்ததும் இயங்கத் தொடங்கியதும் இந்த மலையில்தான். 1891 டிசம்பர் 1ஆம் தேதி, இங்கிருந்து மேலே ஏறினால் வருகிற ஊட்டியில், திராவிட மகாஜன சபையின் மாநாட்டைக் கூட்டிப் பத்துக் கோரிக்கைகளை நிறைவேற்றினார்கள். பள்ளிக்கூடம், ஸ்காலர்ஷிப், பொதுக் கிணற்றுத் தண்ணீர் என்பவற்றோடு வேலையும் அதில் இருந்தது. படிப்பும் நன்னடத்தையும் உள்ள நம்மவர்களுக்கு அரசாங்க உத்தியோகத்தில் தடையில்லாமல் இடம் வேண்டும் என்று கேட்டார்கள். கச்சேரியிலும் ஆபீசிலும் நம்மவர்கள் நுழையவும் உட்காரவும் உள்ள தடையை நீக்க வேண்டும் என்றும் கேட்டார்கள். ‘உட்காரவும்’ என்பதைக் கவனியுங்கள். 130 வருஷத்துக்கு முன்னால் நாற்காலியே கிடையாது. இன்றைக்கு நாற்காலி போட்டு, ‘ப்ளீஸ் பி ஸீட்டட்’ என்று சொல்லி, குடிக்கத் தண்ணீரும் வைத்துவிட்டுத்தான் கேட்கிறார்கள். அந்த மாற்றத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் உட்கார வைத்த பிறகு கேட்கிற கேள்வி பழசு.

முதலில் இந்த வடிகட்டும் யந்திரத்தின் பாகங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பத்தாவது, பன்னிரண்டாவது, டிகிரி மூன்றிலும் 60 சதவீதம் கேட்பார்கள். அரியர் இருக்கக் கூடாது. பிறகு ஆப்டிடியூட் தேர்வு. சில இடத்தில் குரூப் டிஸ்கஷன். எட்டுப் பேர் வட்டமாக உட்கார்ந்து இங்கிலீஷில் சண்டை போடுவது. அப்புறம் டெக்னிகல் ரவுண்டு. கடைசியில் எச்.ஆர். ரவுண்டு. லயனில் ஒற்றை அறையில் நாலு பேரோடு படுத்துக்கொண்டு, தமிழ் மீடியத்தில் படித்து, பத்தாவதில் 58 வாங்கிய பிள்ளை அந்த முதல் வாசலிலேயே நின்றுவிடும். பிறகு அது கல்லூரியில் 85 வாங்கினாலும் பத்தாவது மார்க் பின்னாலேயே துரத்திக்கொண்டு வரும். இதைப் பற்றித் தனியாக ஒரு கூட்டம் போட்டுப் பேசலாம். நான் கடைசி ரவுண்டுக்குப் போகிறேன்.

கோவையில் ஒரு கம்பெனி. பெயர் வேண்டாம். டெக்னிகல் ரவுண்டில் ஒரு லிங்க்டு லிஸ்டைத் தலைகீழாகத் திருப்பி எழுதச் சொன்னார்கள். எழுதினேன். லிஸ்டுக்குள் ஒரு வளையம் விழுந்திருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பாய் என்றார்கள். ரெண்டு பாயின்டர் விடணும், ஒன்று ஒவ்வொரு அடியாகப் போகும், மற்றது ரெண்டு ரெண்டு அடியாகப் போகும், ரெண்டும் எங்காவது சந்தித்தால் வளையம் இருக்கிறது என்றேன். ‘குட்’ என்றார் அந்த மனிதர். நல்ல மனுஷன். சின்ன வயசு. நான் யார், எங்கே படுக்கிறேன், என்ன சாப்பிடுகிறேன் என்று அவர் கேட்கவில்லை. கேட்க அவருக்குத் தோன்றவுமில்லை. பாயின்டருக்கு அதெல்லாம் தேவைப்படாது.

அடுத்த அறை எச்.ஆர். பயோடேட்டாவில் நீலகிரி என்று பார்த்ததும் அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. “ஊட்டியா! லவ்லி ப்ளேஸ். ஸ்கூலிங் லவ்டேலா?”

“இல்ல சார். கவர்ன்மெண்ட் ஸ்கூல்.”

“ஓ. அப்பா என்ன பண்றார்?”

“டீ எஸ்டேட்ல இருக்கார் சார்.”

மறுபடி மலர்ச்சி. “ப்ளான்டர் ஃபேமிலியா? எத்தனை ஏக்கர்?”

எங்கப்பா கவாத்து வெட்டுகிறவர். கவாத்துக்கு இங்கிலீஷில் என்ன என்று எனக்குத் தெரியும். ‘ஹி ப்ரூன்ஸ், சார்’ என்றேன். அந்த ஆளுக்கு ஒரு நிமிஷம் பிடிபடவில்லை. பிறகு பிடிபட்டது. இன்னொரு ‘ஓ’ போட்டார். தோழர்களே, முதல் ‘ஓ’ வேறு, ரெண்டாவது ‘ஓ’ வேறு. நான் கவிதை எழுதுகிறவன், ஓசையைக் கொஞ்சம் கவனிப்பேன். முதல் ‘ஓ’வில் ஏமாற்றம் இருந்தது. ரெண்டாவது ‘ஓ’வில் ஒரு கதவு சாத்தியது.

அதோடு விடவில்லை. “ஒரிஜினலா உங்க ஃபேமிலி எந்த ஊரு?”

“தாத்தா காலத்துல சிலோன்ல இருந்து வந்தவங்க சார்.”

“அதுக்கு முன்னாடி?”

“திருச்சிப் பக்கம்னு சொல்வாங்க.”

“திருச்சில எந்தப் பக்கம்? துறையூரா, முசிறியா? அங்க நம்ம ஆளுங்கல்லாம் இருக்காங்க, அதான் கேட்டேன்.”

சிரிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் போட்டது 1964 அக்டோபரில். அதன்படி ஐந்தே கால் லட்சம் பேரை இந்தியா எடுத்துக்கொள்வதென்று, நம்மைக் கேட்காமலே ரெண்டு பிரதமர்கள் பங்கு பிரித்தார்கள். தலைமன்னாரில் கப்பலேற்றி, மண்டபம் முகாமில் இறக்கி, இந்த மலைக்கு ஏற்றினார்கள். அப்படி வந்தவர்களைக் குடியமர்த்துவதற்கென்றே 1968ல் அரசாங்கம் தேயிலைத் தோட்டம் போட ஆரம்பித்தது. அதுதான் இன்றைய டான்டீ. அதற்கும் நூறு வருஷத்துக்கு முன்னால் தாது வருஷப் பஞ்சத்திலும் அதைச் சுற்றிய பஞ்சங்களிலும் ஊரைவிட்டுக் கண்டிச் சீமைக்கு ஓடியவர்கள் நம் முப்பாட்டன்மார். அந்த எச்.ஆர். என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு கூடலூர், மண்டபம், தலைமன்னார், கண்டி என்று பின்னாலேயே நடந்து, திருச்சி ஜில்லாவில் ஒரு ஊரின் எல்லையில் கொண்டுபோய் நிறுத்தி, ‘ஊரா, சேரியா?’ என்று கேட்கிறார். சாதி என்கிற சொல்லை அவர் வாயால் உச்சரிக்கவே இல்லை. என் பாட்டனுக்குப் பாட்டன் எந்தத் தெருவில் இருந்தான் என்பது ஜாவா புரோகிராம் எழுதுவதற்கு எந்த வகையில் உபயோகப்படும்?

‘வீ வில் கெட் பேக் டு யூ’ என்றார்கள். இன்றுவரை வரவில்லை.

சாதி பார்த்துத்தான் என்னை ஒதுக்கினார்கள் என்று நிரூபிக்க என்னிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. என் இங்கிலீஷ் சரியில்லாமல் இருந்திருக்கலாம். என்னைவிடக் கெட்டிக்காரன் ஒருத்தன் வந்திருக்கலாம். அந்த அறையின் பலமே இதுதான். அங்கே என்ன கேட்டார்கள், எதற்கு எத்தனை மார்க் போட்டார்கள் என்று எந்தக் காகிதமும் வெளியே வராது. டீக்கடையில் ரெட்டை டம்ளர் வைத்தால் டம்ளரையாவது படம் எடுத்துக் காட்டலாம். ரெண்டாவது ‘ஓ’வை எப்படிப் படம் எடுப்பது?

நிரூபிக்க முடியாததை எண்ணிக்கையால் பிடிக்கப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெல் என்கிற அமெரிக்க ஆய்வாளரும் சேர்ந்து ஒரு வேலை செய்தார்கள். 2007ல் வெளியானது. பத்திரிகையில் வந்த தனியார் கம்பெனி விளம்பரங்களுக்கு 4808 விண்ணப்பங்கள் அனுப்பினார்கள். படிப்பு ஒன்று, தகுதி ஒன்று, பெயர் மட்டும் வேறு. ஒன்றில் உயர்சாதிப் பெயர், ஒன்றில் தலித் பெயர், ஒன்றில் முஸ்லிம் பெயர். உயர்சாதிப் பெயருக்கு நேர்முக அழைப்பு வரும் வாய்ப்பை 1 என்று வைத்துக்கொண்டால் தலித் பெயருக்கு 0.67, முஸ்லிம் பெயருக்கு 0.33. இத்தனைக்கும் இவர்கள் யாரும் கதவைத் தட்டவே இல்லை. பெயர்தான் தபாலில் போனது.

இன்னொரு ஆய்வையும் சொல்லணும். நமக்குச் சாதகமானதை மட்டும் சொல்லிவிட்டுப் போவது இயக்கத்துக்கு அழகில்லை. அபிஜித் பானர்ஜி முதலியோர் டெல்லிப் பக்கம் இதே மாதிரி 3160 விண்ணப்பங்களை அனுப்பிப் பார்த்தார்கள், 2009ல் வெளியானது. சாஃப்ட்வேர் வேலைகளுக்கு அழைப்பு அனுப்புவதில் சாதி வித்தியாசம் தென்படவில்லை என்றார்கள். வித்தியாசம் கால் சென்டர் வேலைகளில்தான் தெரிந்தது. பார்த்தீர்களா, சாஃப்ட்வேரில் சாதி இல்லை என்று இதைத் தூக்கிப் பிடிப்பார்கள். நான் அந்த ஆய்வை நம்புகிறேன். எனக்கும் அழைப்புகள் வந்தனவே, பதினோரு அழைப்பு! அந்த ஆய்வு அழைப்போடு நின்றுவிடுகிறது. அழைக்கப்பட்டவன் உள்ளே போய் உட்கார்ந்த பிறகு என்ன நடந்தது என்று பார்க்க அதற்கு வழியில்லை, ஏனென்றால் அந்த விண்ணப்பங்களுக்கு உடம்பு கிடையாது. அப்பாவும் கிடையாது.

அந்த உள் அறைக்குள் எட்டிப் பார்த்தது சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் செய்த ஆய்வு. அதுவும் 2007. டெல்லியில் 25 எச்.ஆர். மேனேஜர்களிடம் பேசினார்கள். எல்லோரும் சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னது, நாங்கள் மெரிட் மட்டும்தான் பார்ப்போம் என்று. நேர்முகத்தில் என்ன கேட்பீர்கள் என்றால், ஏறக்குறைய எல்லோரும் குடும்பப் பின்னணியைக் கேட்போம் என்கிறார்கள். அப்பா யார், படித்தவரா, எங்கிருந்து வருகிறார்கள், கூடப் பிறந்தவர்கள் என்ன செய்கிறார்கள். நல்ல குடும்பத்துப் பிள்ளைக்கு நல்ல பண்பு இருக்கும் என்பது அவர்கள் விளக்கம். தகுதி தனிமனிதனுடையது என்று ஒரு வாயில் சொல்கிறவர்களே, அது குடும்பத்தில் வருவது என்று இன்னொரு வாயில் சொல்கிறார்கள். பிறப்பால் குணம் என்கிற பழைய சரக்குக்கு மனுதர்மம் என்று பெயர். புது பாக்கெட்டில் ‘ஃபேமிலி பேக்ரவுண்ட்’.

தமிழ்நாட்டில் இந்த விஷயம் இன்னும் நுட்பமாகிறது. 1929ல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டத்தை விடுவதென்று தீர்மானம் போட்டார்கள். அதனால் இங்கே பெயருக்குப் பின்னால் வால் இல்லை, முன்னால் இனிஷியல் மட்டும்தான். பெரிய விஷயம், நான் மறுக்கவில்லை. டெல்லிக்காரன் பயோடேட்டாவிலேயே தெரிந்துகொள்வதை நம்ம ஊர்க்காரன் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும். அதனால் இங்கே கேள்விகள் ஒரு தனிக் கலையாகவே வளர்ந்திருக்கின்றன. சொந்த ஊர் எது, அந்த ஊரில் எந்தத் தெரு, குலதெய்வம் எது, வீட்டில் நான்வெஜ்ஜா என்று ஒவ்வொன்றாக வரும். முதுகில் தட்டிக்கொடுக்கிற சாக்கில் பூணூலைத் தடவிப் பார்ப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். என் முதுகை யாரும் தட்டியதில்லை. என் முகவரியில் ‘லயன்’ என்றும் ‘டிவிஷன்’ என்றும் இருந்ததால் அந்தச் சிரமம் தேவைப்படவில்லை போலும்.

பெண்களுக்கு இது இரட்டை. என் சித்தி மகள் டெஸ்டிங் வேலைக்குப் போனாள். கல்யாணம் எப்போது, நைட் ஷிப்டுக்கு வீட்டில் விடுவார்களா என்பதெல்லாம் எல்லாப் பெண்களிடமும் கேட்பது. இவளிடம், அம்மா கொழுந்து பறிக்கிறவர் என்று தெரிந்ததும், “எஸ்டேட் பொண்ணுங்களுக்கு விரல் ரொம்ப வேகமா இருக்குமே, டேட்டா என்ட்ரி பார்க்கலாமே” என்று கேட்டிருக்கிறார்கள். புகழ்ச்சியாகத்தான் சொன்னார்களாம். சம்பளம் பாதி. வீட்டுக்கு வந்து அழுதாளா என்று கேட்காதீர்கள், அவள் அழவில்லை. அம்மாவின் விரலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். தேயிலைக் கறை ஏறி, வெட்டுப்பட்டு, நகம் கறுத்துப்போன விரல். அந்த வேலைக்கு அவள் போகவில்லை.

இப்போது கம்பெனிகளில் புதுசாகப் பெருகியிருப்பது ரெஃபரல். உள்ளே வேலை பார்க்கிறவன் தனக்குத் தெரிந்த ஆளைச் சிபாரிசு செய்தால் அவனுக்குப் போனஸ் உண்டு. இதை ஏதோ கலிபோர்னியாவில் கண்டுபிடித்த நிர்வாகத் தத்துவம் மாதிரி பேசுகிறார்கள். நமக்கு இது இருநூறு வருஷப் பழக்கம், கங்காணி முறை என்று பேர். கங்காணி தன் ஊருக்குப் போய்ச் சொந்தத்தையும் சாதிசனத்தையும் திரட்டிக் கூட்டிக்கொண்டு வருவான். வேலைக்கு இறங்குகிற தலைக்கு இவ்வளவு என்று துரையிடம் அவனுக்குத் தலைக்காசு. அன்றைக்கும் ஆள் எடுத்தது சாதி வழியாகத்தான், இன்றைக்கும் அப்படித்தான். வித்தியாசம் என்னவென்றால், கங்காணியின் கயிறு நம்மைக் காட்டுக்குள் இழுத்துக்கொண்டு போனது. ரெஃபரல் கயிற்றின் நுனி நம் கைக்கு எட்டுகிற தூரத்திலேயே இல்லை. நம் லயனில் யாருக்கு மாமா இருக்கிறார் கம்பெனியில்?

சட்டம் என்ன சொல்கிறது என்று படிக்கிற தம்பிகள் கேட்பார்கள். அஜய் ஹாசியா வழக்கைத் தேடிப் படியுங்கள். ஸ்ரீநகர் ரீஜனல் இன்ஜினியரிங் காலேஜில் சேர எழுத்துத் தேர்வுக்கு 100 மார்க், நேர்முகத்துக்கு 50 மார்க். நேர்முகம் ஆளுக்கு ரெண்டு மூன்று நிமிஷம்தான் நடந்தது, அதிலும் அப்பா அம்மா யார், எங்கே குடியிருக்கிறாய் என்றுதான் கேட்டார்கள் என்று மாணவர்கள் வழக்குப் போட்டார்கள். 1980 நவம்பரில் உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மொத்த மார்க்கில் மூன்றில் ஒரு பங்கை நேர்முகத்துக்குக் கொடுப்பது தன்னிச்சையானது, 15 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றார்கள். நேர்முகத்தை டேப்பில் பதிவு செய்வது நல்லது என்றும் அந்தத் தீர்ப்பு சொல்கிறது. 1980ல்! அன்றைக்கு டேப் ரிக்கார்டர் ஒரு பெட்டி சைசுக்கு இருக்கும். இன்றைக்கு ஒவ்வொருத்தன் பாக்கெட்டிலும் ரிக்கார்டர் இருக்கிறது, பதிவு மட்டும் இல்லை.

ஆனால் இந்தத் தீர்ப்பு அரசையும் அரசு சார்ந்த நிறுவனங்களையும்தான் கட்டும். அரசியல் சாசனத்தின் 16ஆம் பிரிவு பேசுவது அரசு வேலையைப் பற்றி. தனியார் கம்பெனி நேர்முகத்தில் சாதியைத் துப்புத் துலக்குகிற கேள்வியைத் தொடுகிற சட்டம் நம்மிடம் இல்லை. 2002 போபால் பிரகடனம் தனியார் துறையையும் நோக்கிப் பேசியது. 2004ல் வந்த மத்திய அரசின் பொதுச் செயல்திட்டத்திலும் தனியார் துறை இடஒதுக்கீடு பற்றிப் பேச்சு இருந்தது. முதலாளிகள் சங்கங்கள் 2006ல் ஒரு நடத்தை விதியை எழுதிக்கொண்டு, நாங்களே விருப்பப்பட்டுப் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். விருப்பம் எவ்வளவு தூரம் வந்தது என்பதை இங்கே உட்கார்ந்திருப்பவர்களை எண்ணிப் பார்த்தாலே தெரியும்.

நான் வங்கிக்கு வந்த கதை இதோடு சேர்ந்தது. மத்திய அரசு 2016 ஜனவரி 1 முதல் தன்னுடைய கீழ்நிலைப் பணிகளுக்கு நேர்முகத்தை எடுத்துவிட்டது. வங்கி கிளார்க் தேர்விலும் நேர்முகம் போய்விட்டது. எடுத்தவர்கள் நம் மீது பாசத்தில் எடுக்கவில்லை. லஞ்சம், சிபாரிசு என்று காரணம் சொன்னார்கள். எதற்காக எடுத்தால் என்ன, அறையைப் பூட்டினார்கள். நான் எழுதினேன், மார்க் வந்தது, பட்டியலில் பெயர் வந்தது, 2017ல் சேர்ந்தேன். எங்கப்பா என்ன பண்றார் என்று அந்தக் கம்ப்யூட்டர் கேட்கவில்லை. சாதிச் சான்றிதழை மேசைமேல் வைத்து, ‘எஸ்.சி.’ என்று தலை நிமிர்ந்து சொல்லி வாங்கிய வேலை இது. சாதியை ஒளிக்கச் சொல்லிக் கண்ணாமூச்சி ஆடுகிற இடத்தைவிட, சாதியை எழுதச் சொல்லி அதற்குரிய பங்கைத் தருகிற இடத்தில் எனக்கு மூச்சு விட முடிந்தது.

அதற்காக எழுத்துத் தேர்வைக் கடவுளாக்கவும் வேண்டாம். 1893ல் ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலும் நடத்தணும் என்று காங்கிரஸ் கேட்டபோது, ரெட்டமலை சீனிவாசனின் பறையர் மகாஜன சபை 3412 கையெழுத்தோடு எதிர்மனு அனுப்பியது. இங்கே நடத்தினால் உயர்சாதியார்தான் அள்ளிக்கொண்டு போவார்கள், அதிகாரிகளாக வந்து நம் தலையில் ஏறுவார்கள் என்பது அவர்கள் வாதம். தேசத் துரோகம் என்று திட்டினார்கள். 2017ல் அனிதாவைப் பறிகொடுத்த நமக்கு அந்த மனு புரியாமல் போகாது. தேர்வு எழுத்திலா, பேச்சிலா என்பதோடு அதன் வாசலில் யார் நிற்கிறார் என்பதையும் பார்க்கணும்.

சரி, எல்லோரும் வங்கிக்கே வந்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போகலாமா? அங்கே இடமில்லை தம்பி. இந்த மலையில் லயனைவிட்டு முதலில் வெளியே வந்தவர்கள் எப்படி வந்தார்கள் என்று பெரியவர்களைக் கேளுங்கள். அருவங்காடு கார்டைட் ஃபேக்டரி, ஊட்டி ஃபிலிம் ஃபேக்டரி, தபால், ரயில்வே, வாத்தியார் வேலை. எல்லாம் ரோஸ்டர் போட்டு எடுத்த இடங்கள். ஃபிலிம் ஃபேக்டரி மூடியாயிற்று. வங்கிகளை ஒன்றோடொன்று இணைத்துக் கொண்டிருக்கிறார்கள். 1991க்குப் பிறகு வேலை எங்கே வளர்ந்ததோ அங்கே இடஒதுக்கீடு இல்லை, இடஒதுக்கீடு எங்கே இருக்கிறதோ அங்கே வேலை சுருங்குகிறது. ஆகவே அந்த எச்.ஆர். அறையை நாம் விட்டுவிட்டு வர முடியாது.

கடல் தாண்டினால் தப்பிக்கலாம் என்கிற நினைப்பும் வேண்டாம். கலிபோர்னியாவில் சிஸ்கோ கம்பெனியில் வேலை பார்த்த தலித் இன்ஜினியருக்காக அந்த மாநில அரசுத் துறையே 2020 ஜூன் 30ஆம் தேதி வழக்குப் போட்டது. அவர் ஐ.ஐ.டி.யில் எந்தப் பட்டியலில் இடம் வாங்கினார் என்று மேலதிகாரி சக ஊழியர்களிடம் சொல்லிவிட்டார் என்பது குற்றச்சாட்டு. 2023 ஏப்ரலில் தனிநபர்கள் ரெண்டு பேர் மீதான வழக்கை அந்தத் துறையே விலக்கிக்கொண்டது, கம்பெனி மீதான வழக்கை விடவில்லை. அதே வருஷம் பிப்ரவரியில் சியாட்டில் நகரசபை, சாதிப் பாகுபாட்டைச் சட்டத்தில் பெயர் சொல்லித் தடை செய்தது. கலிபோர்னியா சட்டசபையும் ஒரு மசோதாவை நிறைவேற்றியது. அக்டோபரில் கவர்னர் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். சியாட்டிலில் கேட்கக் கூடாத கேள்வி கோயம்புத்தூரில் கேட்கலாம் என்பது இன்றைய நிலைமை.

இப்போது உங்களில் பலர் நேர்முகத்துக்குக் கோவைகூடப் போவதில்லை. 2020க்குப் பிறகு வீடியோவில் நடத்துகிறார்கள். நல்லதுதான், பஸ் காசு மிச்சம். ஆனால் லயனுக்குள் சிக்னல் இல்லாமல், தேயிலைக் காட்டில் மேட்டில் ஏறி, பின்னால் செடி தெரியாமல் துப்பட்டாவைக் கட்டி மறைத்துக்கொண்டு பேசிய பெண்ணை எனக்குத் தெரியும். கேமராவை ஆன் பண்ணு என்கிறான். முன்னெல்லாம் அப்பாவைத்தான் கேட்டான், இப்போது அப்பா கட்டில் தெரிகிறது, சுவர் தெரிகிறது, காய்கிற துணி தெரிகிறது.

எல்லா நேர்முகமும் ‘டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்’ என்றுதான் ஆரம்பிக்கும். உன்னைப் பற்றிச் சொல். பாமாவின் ‘கருக்கு’ 1992ல் வந்தது. அதிலிருந்து இந்தத் தமிழ் இலக்கிய உலகம் நம்மைப் பார்த்து, உங்களைப் பற்றிச் சொல்லுங்கள், வலியைச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறது. சொன்னால் கைதட்டுகிறது. அதே வாக்கியத்தை எச்.ஆர். அறையில் கேட்கும்போது உண்மையைச் சொன்னால் வேலை போய்விடுகிறது. என் கவிதைக்கு மூலதனமாக இருப்பது என் பயோடேட்டாவுக்குக் கடனாகிவிடுகிறது. ஆக, என்ன சொல்வது? அப்பா விவசாயம் என்று சொல்லிவிட்டு வருகிற தம்பிகள் இருக்கிறார்கள். எஸ்டேட் தொழிலாளி என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வருகிறவர்களும் இருக்கிறார்கள். ஒளிக்கிறவனைக் கோழை என்று நம் மேடைகளில் பேசுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அவன் வீட்டில் சாயந்திரம் அடுப்பு எரியணும். கேட்கிறவனிடம் கேட்க வேண்டியதைப் பதில் சொல்கிறவனிடம் கேட்பது நியாயமில்லை.

சில்லறை யோசனைகள் சில. டெக்னிகல் பகுதியை நன்றாகப் படியுங்கள், அந்த ஒரு ரவுண்டுதான் நம் கையில் இருக்கிறது. இங்கிலீஷ் பேசிப் பழகுங்கள். துரை வீட்டு இங்கிலீஷ் வேண்டாம், வேலைக்கு ஆகிற இங்கிலீஷ் போதும். ஒரிஜினல் சர்டிபிகேட்டை எந்தக் கன்சல்டன்சியிடமும் கொடுக்காதீர்கள். பணம் கட்டி வேலை என்றால் எழுந்து வந்துவிடுங்கள். உள்ளே போய்விட்ட நம்மவர்கள் ஆளுக்கு ஒருத்தரையாவது ரெஃபர் பண்ணுங்கள். ஒளிந்து வாழ்கிற பயம் எனக்குப் புரிகிறது, ஆனால் ஒரு லிங்க் அனுப்புவதில் யாருக்கும் எதுவும் தெரிந்துவிடாது.

இயக்கத் தோழர்களுக்கு ஒன்று. நமக்குத் தனியார் துறை இடஒதுக்கீட்டுக் கோரிக்கை இருக்கிறது, அது இருக்கட்டும். அது வருகிறவரைக்கும் குறைந்தபட்சம் மூன்று கேட்போம். நேர்முகத்தில் அப்பா தொழில், சொந்த ஊர், சாப்பாடு, சாமி பற்றிக் கேட்கக் கூடாது என்று மாநில அரசு சட்டம் போடணும். கேட்ட கேள்விகளையும் போட்ட மார்க்கையும் கம்பெனி பதிவு செய்து வைக்கணும். அரசு நிலமும் சலுகையும் வாங்குகிற ஐ.டி. பார்க்குகளில் எத்தனை எஸ்.சி., எஸ்.டி. வேலை பார்க்கிறார்கள் என்று வருஷா வருஷம் வெளியிடணும். 2000ல் சென்னையில் டைடல் பார்க் திறந்ததிலிருந்து கட்டடம் எத்தனை சதுர அடி என்று சொல்கிறார்கள். உள்ளே இருப்பது யார் என்றும் சொல்லட்டும்.

இதைக் கேட்கப் போகும்போது, ஆதாரம் எங்கே என்பார்கள். வாசலில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். நேர்முகத்துக்குப் போய் வந்தவர்கள் எழுதிவிட்டுப் போங்கள். உங்கள் பெயர் வேண்டாம், கம்பெனி பெயரை எழுத விருப்பமில்லை என்றால் விடுங்கள். தேதி, ஊர், என்ன வேலை, அவன் கேட்ட கேள்வி, அவன் வாயில் வந்தபடியே. ‘ஓ’ போட்டிருந்தால் ‘ஓ’வையும் எழுதுங்கள். கொலக்கம்பைப் பக்கம் போகிறவர்கள் முதலில் எழுதிவிட்டுக் கிளம்புங்கள், கடைசி பஸ்ஸை விட்டால் கஷ்டம். மற்றவர்கள் இருங்கள், கேள்விகள் இருந்தால் பேசலாம்.